முடக்கு வாதமும் வயதும்: கிளினிக் வாங்கில் என்னிடம் கேட்ட கேள்விகள்

எனக்கு இந்த வருத்தம் 38 வயதில் வந்தது. அம்மாவுக்கு 67 இல் வந்தது. ஒரே வீடு, ஒரே குசினி, இரண்டு பேருக்கும் ஒரே பெயருள்ள நோய். எனக்கு மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. "இந்த வயதில் மூட்டு உளையாமல் வேறென்ன செய்யும்" என்று ஊரே சொன்னது. வெட்கத்தோடு எழுதுகிறேன், இந்த வருத்தத்தோடு இருக்கிற நானும் அதைத்தான் சொன்னேன்.

நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கிளினிக் வாங்கில் முறை வரும்வரை காத்திருந்த வருடங்களில் பக்கத்தில் இருந்தவர்கள் என்னிடம் கேட்டதையும், நான் வைத்தியர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடக்கு வாதம் என்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதுதானே?

இல்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது பாரிசவாதம். அது மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் வருகிற கோளாறு. பிள்ளைகளுக்குத் தொண்டை நோவுக்குப் பிறகு வந்து இதய வால்வைப் பழுதாக்குகிற வாதக் காய்ச்சலும் வேறு. நமது ஊரில் எல்லாவற்றுக்கும் 'வாதம்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால் வருகிற குழப்பம் இது.

இங்கே பேசுவது ருமட்டோயிட் ஆத்ரைட்டிஸ். கிருமியை அடிக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டை அடிக்கிற நோய். நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவாக வரும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல்.

வயது போனால் எல்லாருக்கும் வருகிற மூட்டுத் தேய்வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விடியற்காலையைக் கவனியுங்கள். தேய்வு உள்ளவருக்கும் எழும்பும்போது மூட்டு பிடித்திருக்கும், ஆனால் நாலு அடி நடந்தால், ஒரு தேத்தண்ணி ஊற்றி முடிக்கிறதுக்குள் இளகிவிடும். அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. முடக்கு வாதக்காரருக்கு அந்த விறைப்பு ஒரு மணித்தியாலம், சில நாளில் காலை பத்து மணிவரைகூட நிற்கும். தேய்ந்த மூட்டு வேலை செய்யச் செய்ய நோகும், பின்னேரத்தில் கூடும். அழற்சி உள்ள மூட்டு, அதாவது நோயெதிர்ப்புச் சக்தி அடித்து வீங்கிச் சூடேறின மூட்டு, சும்மா இருந்தால்தான் மோசமாகும், அசைத்தால் இளகும்.

அடுத்தது, எந்த மூட்டு என்பது. விரலில் நகத்துக்குக் கிட்ட இருக்கிற கடைசி மூட்டில் கல்லுப்போல ஒரு முடிச்சு வந்தால் அது பெரும்பாலும் தேய்வு. முடக்கு வாதம் அந்தக் கடைசி மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். கையை முஷ்டி பிடித்தால் மேடாகத் தெரிகிற மூட்டு வரிசை, விரலின் நடு மூட்டு, மணிக்கட்டு, காலில் விரல்கள் தொடங்குகிற இடம், இவைதான் அதன் இடங்கள். அதிலும் இரண்டு கையிலும் சேர்ந்தே வரும்.

மூன்றாவது தொட்டுப் பார்ப்பது. தேய்வின் வீக்கம் எலும்பு மாதிரிக் கடினம். இது மெத்தென்று, ஊறின பஞ்சை அமத்தினது மாதிரி இருக்கும். யாராவது அன்பாகக் கையைப் பிடித்துக் குலுக்கினால் உயிர் போகும். கல்யாண வீடுகளுக்குப் போகவே நான் பயந்த காலம் ஒன்று இருந்தது.

ஒரு சிக்கல் என்னவென்றால் வயதானவருக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அம்மாவின் முழங்காலில் இருப்பது தேய்வு. மணிக்கட்டில் இருப்பது முடக்கு வாதம். முழங்காலைப் பார்த்து முடிவெடுத்ததால்தான் எல்லாரும் மணிக்கட்டைக் கோட்டைவிட்டோம்.

மூட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. எண்ணெய்ப் பசையான நீரைச் சுரப்பது அதன் வேலை. நோய் வந்தால் அந்த உறை தடித்து, இரத்தக் குழாய் கூடி, மூட்டின் ஓரத்திலிருந்து குருத்தெலும்பின் மேல் படர்ந்து வரும். ஓரத்தில் குருத்தெலும்பு மூடாத எலும்பு கொஞ்சம் வெறுமையாக இருக்கும். அந்த இடத்தை அது முதலில் கடிக்கும். இதைத்தான் எக்ஸ்ரேயில் 'அரிப்பு' என்கிறார்கள். ஒலுவில் பக்கம் கடலரிப்பைப் பார்த்தவர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஓரத்தில் தொடங்கும், போன நிலம் தானாக வராது.

மருந்து இல்லாமல் விட்டால் பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே இந்த அரிப்பு தெரியத் தொடங்கிவிடும். ஸ்கான், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் அதற்கு முன்னரே தெரியும். பலருக்கு முதல் அரிப்பு வருகிற இடம் கையில்கூட இல்லை, காலின் சின்ன விரல் தொடங்குகிற மூட்டில். பாட்டாச் செருப்பு ஒரு பக்கம் கடிக்கிறது என்று செருப்பை மாற்றிக்கொண்டு திரிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, வயது கூடினவர்களுக்கு மூட்டுச் சேதமும் கூடுதலா?

முதல் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தால், ஆம். நோய் கண்டுபிடிக்கும் நாளில் 70 வயதுக்காரரின் படத்தில் இருக்கிற சேதம், 35 வயதுக்காரரின் படத்தில் இருப்பதைவிடப் பொதுவாகக் கூடுதல்தான். ஆனால் அந்தச் சேதம் முழுவதையும் இந்த நோயின் கணக்கில் எழுதக்கூடாது.

ஒரு பகுதி வயது தானே செய்த வேலை. குருத்தெலும்பு மெலிந்து மூட்டின் இடைவெளி குறைவது நோயில்லாதவருக்கும் நடக்கும். ஒரு நோவும் இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் சின்னச் சின்ன அரிப்புகள் தெரிந்திருக்கின்றன, வயது கூடக் கூட அவையும் கூடியிருக்கின்றன. எனவே இடைவெளி குறைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொரு பகுதி உடம்பின் பலம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறைகிறது, தசை சுருங்குகிறது. மூட்டைத் தாங்கிப் பிடிக்கிற கயிறெல்லாம் தளர்ந்திருக்கும்போது அதே அளவு அழற்சி கூடுதலாகச் சேதம் செய்யும். அதோடு 60 க்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்கு ஆரம்பமே பலமாக இருப்பதும் உண்டு. இரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சீ.ஆர்.பி. என்ற அளவு சட்டென்று ஏறி நிற்கும்.

கடைசிப் பகுதிதான் எனக்குக் கோபம் வருகிற பகுதி: தாமதம். இளம் பெண் ஒருத்தியின் விரல் வீங்கினால் வீடே பதறும். வயதானவரின் விரல் வீங்கினால் எண்ணெய் தடவுவோம். மருந்து தொடங்கின பிறகும் இதே கதைதான். வயதானவர்களுக்கு மருந்தைக் குறைத்து, பயந்து பயந்து கொடுக்கும் வழக்கம் வெளிநாட்டு ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகம், தொற்று என்று அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் அடக்காமல் விட்ட அழற்சிக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை மூட்டு கொடுக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 40 இல் நோய் வந்து இப்போது 70 ஆனவரும், போன வருடம் நோய் வந்த 70 வயதுக்காரரும் ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பார்கள். முதல் ஆளின் கையில் இருப்பது முப்பது வருட நோய். இரண்டாவது ஆளுக்கு இப்போதுதான் தொடக்கம், காப்பாற்ற நிறைய மூட்டு மிச்சம் இருக்கிறது. வயது ஒன்றுதான், கணக்கு வேறு.

ஊரில் பார்த்த வயதான பெண்களின் கையெல்லாம் கோணித்தானே இருந்தது? கடைசியில் எல்லாருக்கும் அப்படித்தானே?

விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்த கைகளை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் கையோடு சுளகு பிடித்து அரிசி புடைத்தவர்களையும் தெரியும். அவர்களுடைய காலத்தை யோசித்துப் பாருங்கள். இன்று முதல் மருந்தாகக் கொடுக்கிற மெதொட்ரெக்சேட்டை இந்த நோய்க்கென்று அமெரிக்கா அங்கீகரித்ததே 1988 இல். அழற்சியைத் தூண்டுகிற பொருளை நேரடியாகத் தடுக்கிற 'உயிரியல்' ஊசி மருந்துகளில் முதலாவது வந்தது 1998 இல். அதற்கு முன் அஸ்பிரின், தங்க உப்பு ஊசி, ஸ்டீரொயிட் என்றுதான் ஓடியது. நமது பக்கத்தில் அதற்கு மேல் போர். படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து, சோதனைச்சாவடி தாண்டி, மாதம் ஒரு கிளினிக்குக்கு வருவது யாரால் முடிந்தது?

அந்தக் கைகளைக் கோணவைத்தது பத்து இருபது வருடம் கட்டுப்படுத்தாமல் இருந்த அழற்சி. இப்போது ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கிச் சரியாக எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நிலை வருவதில்லை.

இது எந்த வயதில் வரும்? அறுபதுக்குப் பிறகு வந்தால் வேறு மாதிரியா?

கூடுதலாக 30 க்கும் 60 க்கும் இடையில் தொடங்கும். ஆனால் 80 இலும் வரலாம். 16 வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு வருகிற மூட்டழற்சியை வேறு பெயரில், வேறு நோயாகப் பார்க்கிறார்கள்.

அறுபதுக்குப் பிறகு வரும்போது சில வித்தியாசம் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்துவிடும். மெல்ல மெல்ல வராமல், ஒரு கிழமைக்குள் ஆளைப் படுக்கையில் போடலாம். விரலில் தொடங்காமல் தோள்மூட்டில் தொடங்கலாம், உடம்பு மெலியும், காய்ச்சல் மாதிரி அலுப்பு இருக்கும். அம்மாவுக்கு அப்படித்தான். தலை இழுக்கக் கை உயராது, சட்டை போட நான் வேண்டும். எனக்கு விரலில் தொடங்கினதால், வெண்கட்டி பிடிக்க முடியாமல் போனதால், தோளில் தொடங்கின அம்மாவின் நோயும் என்னுடையதும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோளையும் இடுப்பையும் பிடிக்கிற வேறொரு வாத நோயும் இந்த வயதில் வருவதால் வைத்தியர்களுக்கே பிரித்தறியச் சில மாதம் எடுக்கும்.

சிக்குன்குன்யா வந்த பிறகு தொடங்கினது. அதுதானா, இதுவா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். 2006 இன் கடைசியில் அந்தக் காய்ச்சல் இங்கே வீடு வீடாகப் போனது, அண்மைய வருடங்களில் திரும்பவும் வந்திருக்கிறது. சிக்குன்குன்யா இரண்டு கையின் சின்ன மூட்டுகளையும் பிடிக்கும், காலை விறைப்பும் தரும், அசல் முடக்கு வாதம் மாதிரியே நடிக்கும். பலருக்கு சில கிழமைகளில் போய்விடும். சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நிற்கும், வயதானவர்களுக்கு நிற்பதற்கான வாய்ப்புக் கூடுதல்.

காய்ச்சல் வந்து ஆறு கிழமை தாண்டியும் வீக்கம் இருந்தால் "அது சிக்குன்குன்யா மிச்சம்" என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். போய்க் காட்டுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் பொசிட்டிவ் என்றால் நோய் உறுதிதானே?

வயதானவர்களில் இது வழுக்குகிற இடம். ருமட்டோயிட் பக்டர் என்ற பரிசோதனை, வருத்தமே இல்லாத முதியவர்கள் பலரிலும் பொசிட்டிவ் ஆக வரும். நோய் உள்ளவர்கள் சிலரில் நெகட்டிவ் ஆகவும் வரும். அன்ரி சீ.சீ.பி. என்ற மற்றப் பரிசோதனை இதைவிட நம்பகமானது, அது பொசிட்டிவ் என்றால் பொய்யாக இருப்பது அரிது, மூட்டு அரிப்பு வேகமாக வரும் வாய்ப்பும் கூடுதல்.

அழற்சியை அளக்கிற ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு வயதோடு தானாக ஏறும். வைத்தியர்கள் பயன்படுத்துகிற ஒரு மனக்கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை போவது பெரிய விடயமில்லை. ஆய்வுகூடத் துண்டில் இருக்கிற 'நோமல்' அளவைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சேதமான மூட்டு திரும்பச் சரிவருமா?

வீக்கமும் நோவும் விறைப்பும் சரிவரும். அரித்துப்போன எலும்பும் போன குருத்தெலும்பும் பெரும்பாலும் திரும்ப வராது. நல்ல மருந்தில் சின்ன அரிப்புகள் ஓரளவு ஆறின படங்கள் உண்டு, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

மெதொட்ரெக்சேட் கடுமையான மருந்தாமே. வயதான ஆள் எடுக்கலாமா?

எடுக்கலாம். அம்மா எடுக்கிறார். வயதைவிட, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். வயது கூடும்போது அதன் வேகம் குறைவதால் மருந்து உடம்பில் தேங்கலாம். அதனால் குறைந்த அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். ஈரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள், இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். மதுபானம் வேண்டாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தக் குளிசை கிழமைக்கு ஒரு நாள் மட்டும். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் தினமும் போட்டுப் பழகின வயதானவர்கள் இதையும் தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தான சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து, தொற்று வந்துவிடும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு என்று வைத்திருக்கிறோம். குளிசைப் பெட்டியை நான் பிடித்துக்கொள்வேன், அம்மா கலண்டரில் கோடு போடுவார். போலிக் அமிலக் குளிசையை வேறு நாளில் தருவார்கள். அது வயிற்றுப் பிரட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும்.

ஆறு முதல் பன்னிரண்டு கிழமை போனால்தான் மருந்தின் பலன் தெரியும். இரண்டாவது கிழமையே "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் கிளினிக்கில் நிறையப் பேர்.

இன்னொரு எச்சரிக்கை: சலக்கடுப்புக்கோ சளிக்கோ வேறு வைத்தியரிடம் போனால் இந்த மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக் இதோடு சேர்ந்தால் ஆபத்து. காய்ச்சல், வாய்ப்புண், புதிதாக வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

ஸ்டீரொயிட் குளிசை போட்டால் அடுத்த நாளே சுகம். அதையே தொடரலாமே?

அந்தச் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன், கிட்டத்தட்ட மந்திரம்தான். மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சில மாதத்துக்குள் குறைத்து நிறுத்துவதுதான் இன்றைய வழக்கம். நீண்ட நாள் எடுத்தால் சீனி ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் வெண்புரை வரும், தொற்று கூடும். வயதானவரிடம் இவை எல்லாம் ஏற்கெனவே வாசலில் நிற்கின்றன.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 451 நோயாளிகளை வைத்து நடத்திய 'குளோரியா' என்ற ஆய்வு 2022 இல் வெளியானது. தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் இரண்டு வருடம் கொடுத்ததில் நோயும் குறைந்தது, மூட்டுச் சேதமும் குறைந்தது. பக்கவிளைவுகளும் கூடின, பெரும்பாலும் பாரதூரமில்லாத தொற்றுகள். ஆகவே சிலருக்குச் சின்ன அளவில் தொடர்வதை வைத்தியர் தெரிந்தே முடிவு செய்யலாம். அது வேறு. பாமசியில் நீங்களாக வாங்கிப் போடுவது வேறு. நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து, ஆள் மயங்கி விழலாம்.

நோ குளிசையோடு சமாளிக்கிறேன். போதாதா?

போதாது. டைக்ளோபெனக் மாதிரியான குளிசை நோவைக் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. அம்மாவின் ஒன்றரை வருடமும் அப்படித்தான் போனது. வழக்கமாகக் காட்டுகிற ஒரு தனியார் டிஸ்பென்சரியில் ஒவ்வொரு மாதமும் அதே குளிசைப் பக்கற், அதே "வயது போனால் அப்படித்தான் அம்மா". நோவு இல்லாத நாளில் நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். படம் எடுத்தபோது மணிக்கட்டில் அரிப்பு இருந்தது.

வயதானவருக்கு இந்தக் குளிசைகள் வயிற்றில் புண், இரத்தக் கசிவு, பிரஷர், சிறுநீரகப் பழுது எல்லாம் தரும். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்பது தெரிந்ததுதானே. அந்தப் பக்கத்து ஆட்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

நாட்டு வைத்தியம் செய்யலாமா? எண்ணெய் தடவலாமா, பத்துப் போடலாமா?

எண்ணெய் தடவிச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தால் சுகமாக இருக்கும், செய்யுங்கள். வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டை இழுத்து, நெரித்து உருவ வேண்டாம். உள்ளே எடுக்கிற தூள், உருண்டை விடயத்தில்தான் பயம். பெயர்ப் பட்டியல் இல்லாமல் விற்கிற சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதும், ஈயம் போன்ற உலோகம் இருப்பதும் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் அற்புதமாகச் சுகம் தருகிற தூளைக் கண்டால் நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன். எதை எடுத்தாலும் கிளினிக்கில் மறைக்காதீர்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

கத்தரிக்காய், நண்டு, இறால் எல்லாம் கிரந்தி என்கிறார்களே?

இவை மூட்டை அரிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விடுங்கள், அவ்வளவுதான். சூடை, கீரி மாதிரியான எண்ணெய்ப் பிடிப்புள்ள சின்ன மீன்கள் நல்லவை, விறைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். மருந்துக்குப் பதிலாகாது. புகைத்தல் மட்டும் உறுதியான எதிரி. நோய் வருவதற்கும் அது ஒரு காரணம், வந்த நோயைக் கடுமையாக்கவும் செய்யும். இந்த நோயில் மாரடைப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், பீடி சிகரட்டை விடுவது இரண்டு பக்கமும் இலாபம்.

மாரி காலத்தில் கூடுகிறதே?

கார்த்திகை, மார்கழி மழையில் எனக்கும் கை உளையும். மழை மூட்டைச் சேதப்படுத்துவதில்லை. மாரியில் நான் பயப்படுவது வேறு விடயத்துக்கு: வெள்ளம். 2011 ஜனவரியில் வீதிகள் மூடினதை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி கிளினிக்கிலேயே சொல்லி இரண்டு கிழமைக்குக் கூடுதல் மருந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள்.

நோன்பு காலத்தில் மருந்து எப்படி?

காத்தான்குடியிலிருந்து வருகிற ஒரு உம்மா வருடாவருடம் கேட்பார். கிழமைக்கு ஒரு முறைக் குளிசையை நோன்பு திறந்த பிறகு இரவில் எடுக்கலாம். தினமும் எடுப்பவற்றை சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றித் தருவார்கள். ஆனால் சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர், சீனி வருத்தம் உள்ளவர் தண்ணீர் இல்லாமல் இருப்பதற்கு முன் கேட்டே ஆக வேண்டும். றமழானுக்கு முதல் மாதக் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். முழங்கால் மடிக்க முடியாதவர் கதிரையில் இருந்து தொழுவதில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்கே தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார்.

இளம் பெண்கள் பிள்ளை பெறலாமா?

தாராளமாக. திட்டம் மட்டும் வேண்டும். மெதொட்ரெக்சேட், இதே நோய்க்குத் தருகிற இன்னொரு மருந்தான லெப்லுனமைட் இரண்டும் கர்ப்பத்தில் ஆகாது, முன்கூட்டியே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். இந்த நோய்க்கான வேறு மருந்துகளான சல்பாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் தொடரலாம். கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணியும், பிள்ளை பிறந்த பின் திரும்பி எழும்பும். அந்த மாதங்களுக்கு வீட்டில் கைத்துணை வேண்டும். எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில்தான் தாய் இருப்பார் என்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

வீட்டு வேலை செய்தால் மூட்டு இன்னும் தேயுமா?

சும்மா இருந்தால்தான் தசை கரையும். கடுமையாக வீங்கியிருக்கும் நாளில் மூட்டுக்கு ஓய்வு, மற்ற நாளில் அசைவு. கையை நீட்டி மடக்கிப் பலப்படுத்துகிற ஒழுங்கான பயிற்சி, நோயைக் கூட்டாமல் கையின் வேலைத்திறனைக் கூட்டும் என்று பிரித்தானியாவில் 2014 இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. பிசியோதெரபிப் பிரிவில் கேட்டால் காட்டித் தருவார்கள்.

வேலையை மாற்றிச் செய்யப் பழகினோம். குந்தியிருந்து திருவலையில் தேங்காய் திருவுவதை விட்டு, மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றுகிற திருவலை வாங்கினோம். முறுக்குகிற இடியப்ப உரல் மணிக்கட்டுக்கு எமன், இரண்டு கையாலும் அமத்துகிற உரல் பரவாயில்லை. பிட்டுக்கு மா குழைப்பது இப்போது என் மகனின் வேலை. முதலில் முகத்தைச் சுளித்தான், இப்போது தண்ணியின் அளவு பற்றி எனக்கே வகுப்பெடுக்கிறான். ஈரத் துணியைப் பைப்பில் சுற்றி முறுக்கலாம். வாளியை விரலால் தூக்காமல் முழங்கை மடிப்பில் கொழுவலாம். போத்தல் மூடியை உள்ளங்கையால் அமத்தித் திறக்கலாம். சின்ன மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்குக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள சூட்சுமம்.

எங்கே போய்க் காட்டுவது? என்ன கொண்டுபோவது?

முதலில் உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில், களுவாஞ்சிகுடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, வெளிநோயாளர் பிரிவில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ உரிய கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை.

காலை விறைப்பு எத்தனை மணிக்கு விடுகிறது என்று ஒரு கிழமைக்கு எழுதிக் கொண்டுபோங்கள். வீங்கின நாளில் கையைப் போனில் படம் எடுங்கள், ஏனென்றால் கிளினிக் நாளில் பார்த்து வீக்கம் ஒளித்துக்கொள்ளும். பழைய எக்ஸ்ரே, எடுக்கிற எல்லாக் குளிசையும் ஒரு பையில். இன்னொன்று, நோயின் அளவை எண்ணுவதற்கு வைத்தியர்கள் வழக்கமாகத் தொட்டுப் பார்க்கிற 28 மூட்டுகளில் பாதம் இல்லை. அங்கே நோவு இருந்தால் நீங்களாகச் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவர் கண் கிளினிக்கையும் கேட்டு வையுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் விழித்திரையைப் பார்க்க வேண்டும். உயிரியல் ஊசி தொடங்க முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குப் பதற வேண்டாம்.

எந்த நிலையில் அவசரமாக ஓட வேண்டும்?

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். இரவானாலும் போக வேண்டும். மோதிர விரலோ சுண்டு விரலோ திடீரென்று நிமிர மறுத்தால் மணிக்கட்டில் தசைநார் அறுந்திருக்கலாம், நோவு இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் காட்ட வேண்டும்.

கழுத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நீண்ட நாள் நோயில் தலையைத் தாங்குகிற முதல் இரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்புத் தளரலாம். பிடரி நோவோடு கை கால் விறைத்து, நடை தள்ளாடினால் உடனே போங்கள். கண்ணுக்கோ முழங்காலுக்கோ எதற்கு ஒப்பரேசன் என்றாலும், மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் "எனக்கு முடக்கு வாதம், இத்தனை வருடம்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். மயக்கும்போது கழுத்தை வளைக்கிறவர் அவர்தான். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் வந்தபோது அதை ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் ஒட்டிவிட்டேன், இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.